பிழை காட்டும் பொறியும் நம் சொல்லேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

இசையும் நாடகமும் பட்டிமன்றமும் நிகழும் இம்மேடையில் கணினியைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என்று சிலர் வியக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியைவிட எழுத்தையே மிகுதியும் சார்ந்தது. நம் பிள்ளைகள் தமிழில் ஒரு கட்டுரை எழுதினால், அதிலுள்ள எழுத்துப் பிழைகளை அவர்களே கண்டு திருத்திக்கொள்ள வழி என்ன? கட்டுரை எழுதும் எளிய எடிட்டரிலேயே பிழை காட்டும் வசதியை நாமே சேர்த்துக்கொள்ள இயலுமா? இயலும் என்பதே நம் விடை. அதற்கு வேண்டிய ஸ்கிரிப்ட், அதாவது சிறு கட்டளைத் தொடர், சில பத்து வரிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த வரிகளைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. அதனை இக்குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு வீடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். இந்த ஆலைக் குடியிருப்பில் பிறந்து வளரும் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சாகவும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பாகவும் மட்டுமே கிடைக்கின்றது. காதால் கேட்ட தமிழை விரலால் எழுதுகின்றனர். அதுவும் ஆங்கில விசைகளை ஒலிக்கேற்பத் தட்டி எழுதுகின்றனர். ந, ன, ண என்னும் மூன்றும், ல, ள, ழ என்னும் மூன்றும், ர, ற என்னும் இரண்டும் அவர்கள் செவிக்கு நெருங்கியே ஒலிக்கின்றன. எழுதிய கட்டுரை மலர்க்குழுவிடம் வந்ததும் சிவப்பு மையில் குளித்துத் திரும்புகின்றது. திருத்தியவர் நல்லெண்ணத்தோடே திருத்தினார், ஐயமில்லை. ஆயினும் அடுத்த ஆண்டு அப்பிள்ளை கட்டுரை கொண்டு வருவதில்லை. கோலம் வரைந்து தருகின்றது, அல்லது ஆங்கிலத்தில் எழுதித் தருகின்றது. பிறர் காணுமுன் தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைத்தால், அது மீண்டும் எழுத வரும். பொறி நகைப்பதில்லை; சலிப்பதும் இல்லை.

இனி, பொறி பிழையைக் காண்பது எங்ஙனம் எனப் பார்ப்போம். நம் ஆலை வாயிற்காவலரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கின்றது. பெயர் அதில் இருந்தால் உள்ளே விடுவார். இல்லையேல் நிறுத்திக் கேட்பார். நிறுத்தப்பட்டவர் தீயவர் என்று பொருளில்லை. உள்ளே சென்றவர் யாவரும் நல்லவர் என்றும் பொருளில்லை. பிழை காட்டும் பொறியும் இத்தகைய காவலரே. அதற்கு இலக்கணம் தெரியாது. பட்டியல் ஒன்றே தெரியும்.

இக்கருத்தின் வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கோரின் என்பவர் 'ஸ்பெல்' என்னும் நிரலை எழுதினார். பின்னர் 1975ஆம் ஆண்டில், நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் யூனிக்ஸ் கணினிக்காக அதே பெயரில் வேறொரு நிரலை ஒரே பிற்பகலில் ஆக்கி முடித்தார். ஒரே பிற்பகலில் எவ்வாறு முடிந்தது? அவர் புதிதாக எழுதியது மிகக் குறைவு. முன்னரே இருந்த சிறு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். ஒரு கருவி கட்டுரையை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்தது. அடுத்தது சொற்களை அகர வரிசைப்படுத்தியது. அதற்கடுத்தது இரட்டித்து வந்தவற்றை நீக்கியது. இறுதியில் வந்த கருவி, எஞ்சிய சொற்களை அகராதிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் அச்சிட்டது. பிரித்தல், வரிசைப்படுத்தல், ஒப்பிடல் என்னும் இம்மூன்று செயல்களே பிழை காட்டும் பொறியின் முழு உடம்பு. பின்னர் டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் இதனைச் செம்மைப்படுத்தினார். சுமார் 30,000 சொற்களைக் கொண்ட பட்டியலை, 64 கிலோபைட்டுக்குள் இயங்க வேண்டிய அந்நாளைய சிறு கணினியில் அடக்கிக் காட்டினார்.

அக்காலத்தில் எடிட்டர் வேறு, பிழை காட்டும் நிரல் வேறு. இரண்டையும் பேச வைப்பதே ஸ்கிரிப்ட்டின் பணியாயிற்று. இதற்கு 'ஐஸ்பெல்' என்னும் நிரல் நல்லதோர் உரையாடல் முறையை வகுத்தது. எடிட்டர் ஒரு வரியை அனுப்பினால், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி விடையாக வரும். உடுக்குறி வந்தால் சொல் பட்டியலில் உண்டு. கூட்டற்குறி வந்தால், ஒட்டை நீக்கிப் பார்த்தபோது வேர்ச்சொல் பட்டியலில் கிடைத்தது. '&' என்னும் குறி வந்தால் சொல் இல்லை, ஆயினும் அதனை ஒத்த சொற்கள் இவை. '#' என்னும் குறி வந்தால் சொல்லும் இல்லை, ஒத்த சொல்லும் இல்லை. இவ்விடைகளை வாங்கி, எடிட்டரில் உரிய சொல்லுக்கு நிறம் பூசுவது ஒரு சிறு ஸ்கிரிப்ட்டால் ஆகும் வேலை. ஈமேக்ஸ் என்னும் எடிட்டரில் பிழை காட்டும் வசதி இம்முறையில் அமைந்தது. விம் என்னும் எடிட்டர் 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 7ஆம் பதிப்பில்தான் தனக்கெனப் பிழை காட்டும் உறுப்பைப் பெற்றது. அதற்கு முன்னர் அதனைப் பயன்படுத்தியோர் இத்தகைய ஸ்கிரிப்ட்டுகளைக் கொண்டே வேலையை நடத்தினர். பின்னர் வந்த ஆஸ்பெல், ஹன்ஸ்பெல் ஆகியவையும் இவ்வுரையாடல் முறையைக் கைவிடவில்லை.

நம் பிள்ளைகள் முதன்முறையாகச் செய்து பார்ப்பதற்கு இதனினும் எளிய வழி ஒன்று உண்டு. நிரல் எழுதுவோர்க்காக எடிட்டர்களில் முன்னரே ஒரு பாதை போடப்பட்டிருக்கின்றது. கோப்பின் பெயர், வரி எண், குறிப்பு என்னும் மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து வெளியிட்டால், விம் போன்ற எடிட்டர் அவற்றைப் பட்டியலாகப் பெற்று, ஒரு விசையைத் தட்டியதும் உரிய வரியில் கொண்டுபோய் நிறுத்தும். நிரற்பிழைக்காகப் போட்ட அப்பாதையில் எழுத்துப் பிழையும் செல்லலாம். ஆகவே நம் ஸ்கிரிப்ட், பட்டியலில் இல்லாத சொல்லைக் கண்டதும், 'இக்கோப்பில் 14ஆம் வரியில் இச்சொல்' என்று அவ்வடிவில் சொல்லிவிட்டால் போதும். மற்றதை எடிட்டர் பார்த்துக்கொள்ளும். பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இது கைக்கு எட்டாத வேலையன்று.

எனினும், ஆங்கிலத்துக்கு எழுதியதை அப்படியே தமிழுக்குப் பூட்டினால் வண்டி ஓடாது. தடைகளை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

முதல் தடை சொல்லைப் பிரிப்பதில் உள்ளது. யூனிகோடு என்னும் ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி எண் பெற்றவை. பைத்தானின் வழக்கமான சொல் தேடும் குறியீடு, 'எழுத்து' என்றால் உயிரையும் அகர உயிர்மெய்யையும் மட்டுமே எழுத்தாகக் கொள்கின்றது. உயிர்க்குறியையும் புள்ளியையும் கண்டால் சொல் முடிந்ததென்று வெட்டிவிடுகின்றது. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம' என்றும் 'ழ' என்றும் இரு துண்டுகளாகத் திருப்பித் தரும். தமிழின் பெயரையே பிளக்கும் கருவியிடம் தமிழ்க் கட்டுரையை ஒப்படைக்கலாமா? ஆகவே, ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய தொகுதி முழுவதையும் எழுத்தென்று ஸ்கிரிப்ட்டில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தடை, கண்ணுக்கு ஒன்றாகவும் பொறிக்கு இரண்டாகவும் இருக்கும் எழுத்துகள். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தோன்றாது. பட்டியலில் ஒரு வடிவமும் கட்டுரையில் மற்றொரு வடிவமும் இருந்தால், சரியான சொல்லையே பொறி பிழை என்னும். பைத்தானில் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் கட்டளை ஆயத்தமாகவே உள்ளது; அதனை ஒப்பிடுமுன் இட்டுவிட வேண்டும். 'மௌனம்' என்னும் சொல்லில் வேறொரு சிக்கல். ஔகாரக் குறியை இடுவதற்கு மாறாக, எகரக் குறியை இட்டு ளகரத்தை அடுத்துத் தட்டுவோர் உளர். கண்ணுக்கு அதுவும் பெரும்பாலும் அவ்வாறே தோன்றும். இதனை அக்கட்டளை தீர்க்காது, பொறி பிழையென்று காட்டும், காட்டுவதும் முறையே.

மூன்றாம் தடையே பெருந்தடை. ஆங்கிலப் பெயர்ச்சொல் பெரிதாக வடிவம் மாறுவதில்லை. நம் 'வீடு' என்னும் சொல்லோ வீட்டை, வீட்டால், வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து, வீடுகள், வீடுகளுக்கும் என விரிந்துகொண்டே செல்லும். வினைச்சொல்லின் விரிவைச் சொல்லவே வேண்டா. இவ்வளவையும் பட்டியலில் எழுதி மாளாது. இதற்கு ஹன்ஸ்பெல் காட்டிய வழி பயன்படும். அதனை ஆக்கிய லாஸ்லோ நேமெத் ஹங்கேரி நாட்டவர். அவர் மொழியும் தமிழைப் போலச் சொல்லின் பின்னே ஒட்டுகளை அடுக்குவது. ஆகவே ஹன்ஸ்பெல்லுக்கு இரு கோப்புகள்: ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றொன்றில் ஒட்டு விதிகள். இன்று ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ் முதலியவற்றில் பிழை காட்டுவது இதுவே. நாமும் அவ்வழியே செல்லலாம். 'த்தை' என முடியும் சொல் வந்தால், அதனை நீக்கி 'ம்' சேர்த்துப் பார். 'மரத்தை' என்பது 'மரம்' ஆகும். அது பட்டியலில் இருந்தால் விட்டுவிடு. இவ்வாறு சில பத்து விதிகள் போதும், தொடக்கத்துக்கு. ஆனால் விதியைத் தளர விடலாகாது. எச்சொல்லோடும் ஐகாரம் சேரும் என்று எழுதிவிட்டால், 'வீடை' என்பதும் 'மரமை' என்பதும் தேறிவிடும். பிள்ளைகள் எழுதும் பிழைகளும் இவையே அல்லவா?

நான்காவது தடை ஒற்று. 'தமிழ்ப் பள்ளி' என்று எழுதினால் 'தமிழ்ப்' என்பது பட்டியலில் இராது. சொல்லின் இறுதியில் க், ச், த், ப் என்பவற்றுள் ஒன்று நின்று, அடுத்த சொல் அதே எழுத்தின் இனத்தில் தொடங்கினால், அவ்வொற்றை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். ஆனால் ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் விட்டதை இச்சிறு ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்காது. அதற்கென 'நாவி' என்னும் சந்திப்பிழை திருத்தியும், எழுத்துப் பிழைக்கென 'வாணி' என்னும் திருத்தியும் தமிழில் உருவாகியுள்ளன. அவற்றையும் நாம் பயன்படுத்திக்கொள்வோம். நம் ஸ்கிரிப்ட் அவற்றுக்குப் போட்டியன்று. நம் பிள்ளைகள் தம் கையால் கட்டி, உள்ளே என்ன நிகழ்கின்றதெனப் புரிந்துகொள்ளும் ஒரு பட்டறை.

பிழையைக் காட்டினால் மட்டும் போதுமா? திருத்தமும் சொன்னாலன்றோ பிள்ளை கற்கும்? 1964ஆம் ஆண்டில் ஃபிரெட் டாமரோ என்னும் ஆய்வாளர் ஆங்கிலப் பிழைகளை ஆராய்ந்து, அவற்றுள் 100க்கு 80க்கு மேற்பட்டவை நான்கு வகையில் ஒன்றாகவே இருக்கக் கண்டார்: ஓர் எழுத்து மாறியது, ஓர் எழுத்து விடுபட்டது, ஓர் எழுத்து மிகுந்தது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறியது. நம் பிள்ளைகளிடம் முதல் வகையையே முதலில் கவனிக்க வேண்டும். அதிலும் மயங்கும் எழுத்துகள் எவை என்பதை நாம் முன்னரே அறிவோம். 'கன்னாடி' என்று ஒரு பிள்ளை எழுதினால், இரண்டு னகர இடங்களிலும் ன, ண, ந என்னும் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 9 வடிவங்கள். அவற்றுள் பட்டியலில் நிற்பது 'கண்ணாடி' ஒன்றே. அதனைக் காட்டிவிடலாம். 'விலையாட்டு' என்பதற்கு 3 வடிவங்களில் விடை கிடைத்துவிடும். பொறிக்கு இஃது ஓர் இமைப்பொழுது வேலை.

இத்துணை செய்தும், காவலர் பட்டியலை மட்டுமே அறிவார் என்பதை மறக்கலாகாது. 'என் மணம் வருந்தியது' என்று எழுதினால் பொறி வாளாவிருக்கும். மணமும் பட்டியலில் உண்டு, மனமும் உண்டு. பனிக்கும் பணிக்கும், கரிக்கும் கறிக்கும், அரத்துக்கும் அறத்துக்கும் இதே நிலை. இவ்விடத்தில் ஆசிரியரும் பெற்றோரும்தாம் காவல். பொறி கண்டு முடித்தபின் ஒரு மனிதர் படிப்பது என்றும் வேண்டும்.

இதிலிருந்து இன்னோர் உண்மையும் விளங்கும். பட்டியல் பெருகப் பெருகப் பொறி சிறக்கும் என்று எண்ணுவோம். எப்போதும் அவ்வாறு ஆவதில்லை. 'வளி' என்றால் காற்று, நல்ல தமிழ்ச்சொல். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை 'வளி தெரியவில்லை' என்று எழுதினால், அது வழியைத்தான் எண்ணி எழுதியது. பேரகராதியை முழுவதும் பட்டியலில் கொட்டிவிட்டால், அருஞ்சொற்கள் யாவும் பிழைகளுக்கு ஒளிவிடம் ஆகிவிடும். ஆகவே எழுதுவோர் யார், அவர் எச்சொற்களை வழங்குவர் என அறிந்து தொகுத்த பட்டியலே நல்ல பட்டியல். பிள்ளைகளுக்கு ஒன்று, சங்க இலக்கியம் பற்றி எழுதும் புலவர்க்கு வேறொன்று என இருப்பதிலும் தவறில்லை.

அடுத்து நாம் சொல்ல விரும்புவதே இவ்வுரையின் கருத்து. எங்கோ யாரோ தொகுத்த பட்டியலில் நம் சொற்கள் யாவும் இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. நெல்லைப் பாட்டி 'சொளகு' என்பார். வேறு மாவட்டத்துப் பாட்டி 'முறம்' என்பார். இரண்டும் தமிழே. ஒன்று பட்டியலில் இருந்து மற்றொன்று இல்லாவிடில், இல்லாத சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு விழும். பெரியவர்கள் அக்கோட்டைப் பொருட்படுத்த மாட்டார்கள். தமிழைக் கோடுகளின் வழியே கற்கும் பிள்ளையோ, தன் பாட்டியின் சொல் பிழையென்று நம்பிவிடும். அதனை எழுத்திலிருந்து நீக்கும். சில ஆண்டுகளில் பேச்சிலிருந்தும் நீக்கும். நம் குலதெய்வத்தின் பெயரும், பூர்விக ஊரின் பெயரும், பண்டிகைப் பலகாரத்தின் பெயரும் இவ்வாறே மறையக்கூடும். ஊரில் இருப்போர்க்குச் சுற்றிலும் அச்சொல்லை வழங்குவோர் உளர். இங்கே நம் பிள்ளைக்கு அதனைச் சொல்வோர் ஒருவரோ இருவரோதாம். ஆதலின் பட்டியலில் எச்சொல் நிற்பது என்பதை நாம் பிறர்க்கு விட்டுவிடலாகாது.

இதற்காகவே ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் சங்கம் ஒரு சொல்லேடு தொடங்கட்டும். முதலில் நம் பழைய ஆண்டு மலர்களை இளைஞர்கள் கணினியில் எழுதட்டும். அவற்றின் சொற்களைப் பிரித்து வரிசைப்படுத்தினால் ஒரு தொடக்கப் பட்டியல் கிடைக்கும். அதனைத் தமிழறிந்த பெரியோர் படித்துப் பிழை களையட்டும். பின்னர் ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டில் வழங்கும் 100 சொற்களை எழுதித் தரட்டும். 60 குடும்பங்கள் தந்தால் 6,000 சொற்கள். பொதுவானவை போக எஞ்சுபவை எத்தனையாயினும் அவை நம்முடையவை. ஒரு சொல்லைச் சேர்க்குமுன் இருவர் உடன்பட வேண்டும். ஐயமிருந்தால் ஞாயிறு வகுப்பில் எடுத்துப் பேச வேண்டும். எந்த ஊர் வழக்கு, யார் தந்தது, பொருள் என்ன என்பவற்றையும் சொல்லின் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். பொறிக்கு அக்குறிப்பு வேண்டா, பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் எழுதும் எடிட்டரில் சிவப்புக் கோடு விழுந்தால் அஞ்சாதீர்கள். 'இச்சொல் என் பட்டியலில் இல்லை' என்று மட்டுமே அது சொல்கின்றது. பிழையானால் திருத்துங்கள். பிழையில்லை என்று தோன்றினால் வீட்டில் கேளுங்கள். தாத்தா பாட்டியிடம் தொலைபேசியிலாவது கேளுங்கள். சரியென்று தெளிந்தால் சொல்லேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்கப் போகும் ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டில் தமிழைப் பற்றி ஒரு பேச்சு நடக்கும்.

மூன்று சிறு செயல்களைச் சேர்த்து ஒரே பிற்பகலில் பொறி செய்தார் ஒருவர். நம் இளைஞர்க்கும் அது சில ஞாயிற்றுக்கிழமைகளில் கைகூடும். சொல்லேடு மட்டும் பல ஆண்டுகள் நடக்க வேண்டிய வேலை. அதனை அவர்கள் தனியே செய்ய இயலாது. பெரியோர்கள் உடனிருந்து கைகொடுக்க வேண்டும் என்று கேட்டு அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!